கதவைக் கழற்றிய கண்ணாடி அறை

இங்கிலாந்தில், ஸ்லீஃபோர்டில் இந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்ததற்கு ஒரே காரணம் அதன் பின்பக்க அறைதான். சமையலறையை ஒட்டி, மூன்று பக்கமும் கண்ணாடி, மேலே பிளாஸ்டிக் கூரை. கன்சர்வேட்டரி என்று வீட்டுத் தரகர் வாய் நிறையச் சொன்னார். என் கணவன் நெவிலுக்கு நுரையீரல் பழுது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். குளிர்காற்று பட்டால் இருமல் ஆளையே மடக்கிவிடும். வீட்டுக்குள் இருந்தபடியே அவனுக்கு வெளிச்சமும் தோட்டமும் பறவைகளும் கிடைக்க வேண்டும். இன்னும் சில வருடமாவது அவன் என்னோடு இருக்க வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

ஜூன் மாதத்தில் வந்தோம். பெட்டிகளைப் பிரிப்பதற்கு முன்பே நெவில் அந்த அறைக்குள் போய், பழைய வீட்டுக்காரர் விட்டுப்போன பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தான். உட்காரும்போது யார் காலையோ மிதித்துவிட்டவன்போல "சாரி" என்றான். கம்பத்தில் மோதினாலும் கம்பத்திடம் மன்னிப்புக் கேட்கிற ஜனங்கள் நாங்கள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஜூலையில் அந்த அறை தன் குணத்தைக் காட்டியது. காலை பத்து மணிக்கே உள்ளே கால் வைக்க முடியவில்லை. ஜன்னல் விளிம்பில் வைத்திருந்த மெழுகுவர்த்தி இடுப்பொடிந்து குனிந்தது. தக்காளிச் செடி கருகியது. கூரைக்குத் திரை வாங்கினேன். கண்ணாடியில் ஒட்டும் தாள் வாங்கி, ஏணியில் ஏறி, குமிழ் குமிழாக ஒட்டினேன். விசிறி வாங்கினேன். அது சுடு காற்றை இங்கிருந்து அங்கே தள்ளியதோடு சரி.

எனக்கு வந்த ஆத்திரத்தைவிட, அதைச் சொன்னபோது மற்றவர்கள் சிரித்த சிரிப்புதான் தாங்கவில்லை. நூலகத்தில், என் வேலை இடத்தில், ஒருத்தியிடம் சொன்னேன். முடிவெட்டும் கடையில் சொன்னேன். என் தங்கை லொரெய்னுக்கு போன் போட்டுச் சொன்னேன். எல்லோரிடமும் ஒரே பாட்டுதான். கோடையில் அடுப்பு, குளிர்காலத்தில் ஐஸ்பெட்டி, கண்ணாடி அறை என்றால் அப்படித்தான், எங்கள் வீட்டிலும் அப்படித்தான், நாங்கள் அதில் பழைய சைக்கிளைப் போட்டுவைத்திருக்கிறோம் என்றார்கள். இந்த நாட்டில் பாதிப் பேருக்கு இதே புலம்பல். அதனால்தான் என் வீட்டில் நடப்பது வேறு என்று எனக்கே உறைக்க அத்தனை காலம் பிடித்தது.

ஏனென்றால் நெவில் அந்த அடுப்புக்குள் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

நல்ல நடுப்பகல். அவனுடைய மூச்சு மருந்தைக் கொடுக்க உள்ளே போனேன். வாசலைத் தாண்டியதும் முதுகில் வேர்வை வழிந்தது. நாற்காலியை நெருங்கி, அவன் தோளைத் தாண்டிக் கையை நீட்டினேன்.

கை, கிணற்றுத் தண்ணீருக்குள் போனதுபோல் இருந்தது.

அங்கே ஈரக் கம்பளி வாடை அடித்தது. கூடவே லேவண்டர் பவுடர். "இந்த மூலை மட்டும் எப்படி..." என்று ஆரம்பித்தேன். என் வாயிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது.

"ஜில்லுன்னு நல்லா இருக்குல்ல?" என்றான் நெவில். அவன் உதடு வெளிறியிருந்தது.

அன்று சாயங்காலம் முழுக்க இருமினான். இனி அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது என்றேன். சரி என்றான். மறுநாள் நான் வேலைக்குப் போய்விட்டுத் திரும்பியபோது அங்கேதான் இருந்தான், முகத்தில் ஒரு சிரிப்போடு. நாற்காலியைத் தூக்கிக் கொட்டகையில் போட்டேன். அவன் சமையலறை நாற்காலியை எடுத்துப்போய் அதே மூலையில் போட்டுக்கொண்டான். அறையோடு மல்லுக்கட்டுவதா, அவனோடு மல்லுக்கட்டுவதா? அவன் கத்தினால் பதிலுக்குக் கத்தலாம். அவனோ, நான் எவ்வளவு கத்தினாலும், "நீ சொல்றது சரிதான் டென்" என்று என் பெயரைச் சுருக்கிக் கூப்பிட்டுச் சொல்வான். இருபத்தெட்டு வருடமாக இதே கதைதான்.

குளிர்காலம் வந்தது. இரண்டு ஹீட்டர் வைத்தேன். ஹீட்டர் பக்கம் காலைச் சுட்டது, கண்ணாடியில் உள்பக்கமாக உறைபனி படர்ந்தது. சமையலறைக்கும் அந்த அறைக்கும் நடுவே இருந்த கண்ணாடிக் கதவிலும் பனிதான், ஓர் இடத்தைத் தவிர. அங்கே மட்டும் வட்டமாகப் பனி உருகியிருந்தது. யாரோ நெற்றியை வைத்துச் சாய்ந்துகொண்டு சமையலறையைப் பார்த்த மாதிரி. வட்டம் என் மார்பு உயரத்தில் இருந்தது. நெவில் என்னைவிட உயரம்.

துடைத்துவிட்டேன். மதியம் மறுபடி இருந்தது.

அந்தக் கதவைக் கழற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். அந்தக் கதவு இருக்க வேண்டும் என்பதுதான் சட்டம். ஆனால் ஊரில் பாதிப் பேர் கழற்றித்தான் வைத்திருக்கிறார்கள். வீட்டுச் சூடு கண்ணாடி அறைக்கும் போகும், சமையலறையும் பெரிதாகத் தெரியும் என்பார்கள். எனக்கு வேறு திட்டமும் இருந்தது. வசந்தம் வந்ததும் நெவிலின் கட்டிலை அங்கேயே போட்டுவிடலாம், அவன் மாடி ஏற வேண்டியதில்லை. தச்சர் காரெத் வந்து கதவைப் பார்த்துச் சிரித்தார். சமையலறைப் பக்கம் நான்கு தாழ்ப்பாள். பழைய ஆட்கள் திருடனுக்கு ரொம்பப் பயந்திருப்பார்கள் என்றார். மதியத்துக்குள் கழற்றி, கொட்டகையில் சாய்த்துவிட்டுப் போனார்.

அன்றைக்கே அந்த அறை சரியாகிவிட்டது.

நம்ப மாட்டீர்கள். வெளியே புல் வெள்ளையாக உறைந்து கிடக்கிறது, உள்ளே ஏப்ரல் மாதம்போல் இதமாக இருக்கிறது. மூலையிலும் கையை விட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. லொரெய்னுக்கு போன் போட்டு அரை மணி நேரம் பெருமையடித்தேன்.

மறுநாள் சமையலறை குளிர்ந்தது.

அதற்கடுத்து மாடிப்படியின் அடி. பிறகு கூடம். பாய்லர் பார்க்க ஆள் வந்தார். ரேடியேட்டர் எல்லாம் தொட முடியாமல் கொதிக்கிறது, ஒரு பழுதும் இல்லை என்று சொல்லிவிட்டு, கோட்டைக் கழற்றாமலே போனார். குளிர் வீடு முழுக்கப் பரவவில்லை. அது இடம் மாறிக்கொண்டே இருந்தது. நெவில் எங்கே உட்கார்ந்தானோ அங்கே இருந்தது.

அவன் கை விறைத்துக் கிடந்தது. நகங்கள் நீலம் பூத்தன. மூச்சு, சாவித் துவாரத்தில் காற்று நுழைவதுபோல் சத்தம் போட்டது. ஆனால் ஒரு குறையும் சொல்லவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உனக்கு என்னதான் ஆகிறது என்று கேட்டேன்.

"அவங்களுக்கு ரொம்ப நாளாக் குளிருது, டென்" என்றான் மெதுவாக.

"யாருக்கு?"

"தெரியல. கேக்கறது மரியாதையா இருக்காதுன்னு கேக்கல."

நான் பக்கத்து வீட்டு மோய்ராவிடம் போனேன். எழுபதைத் தாண்டியவர், இந்தத் தெருவில் வெகுகாலமாக இருப்பவர். எங்கள் வீட்டில் முன்பு இருந்தவர்களைப் பற்றிக் கேட்டேன். முதலில் வானிலையைப் பற்றிப் பேசினார். பிறகு வேலி மேல் இருந்த ஈரத்தைக் கையுறையால் துடைத்துக்கொண்டே சொன்னார். பாக்லிங்டன் என்று ஒருவர், நல்ல மனிதர், குப்பைத் தொட்டியைச் சரியான நாளில் வெளியே வைப்பார். அவருடைய அம்மா எட்னா. அந்த அம்மாவால் மாடி ஏற முடியவில்லை, நேரங்கெட்ட நேரத்தில் வீடெல்லாம் நடந்துகொண்டும் இருந்தார். அதனால் கண்ணாடி அறையில் கட்டில் போட்டு, கதவுக்குத் தாழ்ப்பாள் வைத்தார்கள். வசந்தம் வரும்வரைதான் என்று எல்லோரிடமும் சொன்னார்கள்.

"மோதிரத்தால கதவுக் கண்ணாடியத் தட்டுவாங்கம்மா. டக் டக்னு எனக்குக் கேக்கும். மரங்கொத்தின்னு நெனச்சுக்கிட்டேன்."

அவர் வேலியைத் துடைப்பதை நிறுத்தினார்.

"மரங்கொத்தி இல்லன்னு தெரியும்" என்றார். "அடுத்த வீட்டு விஷயம் பாரு. நம்ம எப்படிப் போய்ச் சொல்றது?"

வசந்தம் வருவதற்குள் அந்தக் குளிரிலேயே எட்னா போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த மோய்ராவைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் கட்டிலை எந்தப் பக்கம் போடலாம் என்று நானும்தான் அந்த அறையை அளந்து வைத்திருந்தேன். தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வந்து காரெத்தைக் கூப்பிட்டேன். கழற்றிய கதவை அதே இடத்தில் மாட்டி, நான்கு தாழ்ப்பாளையும் போடச் சொன்னேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மாட்டிக் கொடுத்தார்.

கதவுக்கு அந்தப் பக்கம் கண்ணாடி அறை கதகதப்பாகவே இருந்தது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இப்போது எட்னா தாழ்ப்பாள் இருக்கும் பக்கத்தில் இருக்கிறார்.

பிப்ரவரியில் ஒரு நாள், ஐந்தரை மணிக்கே இருட்டு கவிந்திருந்தது. வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தேன். கூடத்தில் விளக்குப் போடவில்லை. லேவண்டர் வாடை தொண்டையை அடைத்தது. சோபாவிலிருந்து நெவிலின் மூச்சு கேட்டது. ஒன்று. ரொம்ப நேரம் கழித்து இன்னொன்று.

விளக்கைப் போட்டேன்.

அவன் சோபாவின் ஒரு கோடியில் சாய்ந்திருந்தான். உதடு சாம்பல் நிறம். இடது கை, பக்கத்தில் இருக்கும் ஒருவரின் தோளைச் சுற்றி அணைத்த மாதிரி, அந்தரத்தில் வளைந்து நின்றது. பக்கத்து மெத்தை அமுங்கியிருந்தது. போர்வையின் பாதி அவன் மேல் இருந்தது.

மறு பாதி ஒன்றுமில்லாத இடத்தின் மேல் இருந்தது. விழாமல்.

ஆம்புலன்ஸுக்கு போன் செய்தேன். வண்டி இல்லை, கொஞ்சம் பொறுங்கள் என்றார்கள். பொறுப்பதாவது! ஹீட்டரைக் கொண்டுவந்து வைத்தேன். அவன் கையை என் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்தேன். போர்வையை அவன் பக்கம் இழுத்தேன். அது வரவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து யாரோ பிடித்துக்கொண்டிருந்தார்கள், முரட்டுத்தனமாக அல்ல, குழந்தை பிடிப்பதுபோல்.

எனக்கு அழுகை வந்தது. அதற்கு மேல் கோபம் வந்தது. அந்த வெறும் இடத்தைப் பார்த்து வாய்விட்டுப் பேசினேன்.

"எட்னா, அவன விடுங்க. உங்களுக்கு நடந்தது அநியாயம்தான். ஆனா அவன்கிட்ட எடுக்கறதுக்குச் சூடு மிச்சம் இல்ல. உங்களப் போங்கன்னு வாயத் தொறந்து சொல்லவும் மாட்டான், அவ்வளவு நல்லவன்."

ஒன்றும் நடக்கவில்லை. நெவிலின் அடுத்த மூச்சு வரவில்லை.

"எனக்கு எப்பவும் உடம்பு கொதிக்கும். ஜனவரியிலயும் ஜன்னலத் தொறந்துட்டுப் படுக்கறவ நான். இங்க வாங்க. எங்கிட்ட வாங்க."

போர்வை மெல்ல இறங்கியது. அந்தரத்தில் நின்ற கை தொப்பென்று மடியில் விழுந்தது. நெவில் ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுத்தான்.

தரையில் கால் இழுபடும் சத்தம் கேட்டது.

பிறகு, என் மார்பில், ஒரு சின்ன நெற்றி சாய்ந்தது.

ஆம்புலன்ஸ் வந்தபோது நெவில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தான். உதட்டில் சிவப்பு திரும்பியிருந்தது. வந்தவர்கள் என்னைத்தான் அடிக்கடி பார்த்தார்கள். உங்களுக்கு அதிர்ச்சி, ஏதாவது போர்த்திக்கொள்ளுங்கள் என்றார்கள். போர்த்திக்கொண்டேன். இன்னும் எடுக்கவில்லை.

இப்போது மறுபடி ஜூன். நெவிலுக்கு இருமல் குறைந்துவிட்டது, டாக்டருக்கே ஆச்சரியம். கதவைத் திறந்து போட்டுவிட்டு, பகல் முழுக்கக் கண்ணாடி அறையில் உட்கார்ந்து பறவைகளைப் பார்க்கிறான். ஊரிலேயே நல்ல கண்ணாடி அறை எங்களுடையதுதான். அதில் நான் உட்கார்ந்தால்தான் கண்ணாடி வேர்க்கிறது. கடை வரிசையில் எனக்கு முன்னால் நிற்பவர்கள் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறார்கள். தோட்டத்தில் நடக்கும்போது என் கையைப் பிடிப்பதற்கு முன் நெவில் கம்பளிக் கையுறை போட்டுக்கொள்கிறான். ஆனாலும் பிடிக்கிறான். வருத்தமா என்று கேட்டால், எரிச்சல்தான். இவ்வளவு போராடி அவனுக்கு ஒரு கதகதப்பான இடம் பிடித்துக் கொடுத்தேன், பக்கத்தில் போய் உட்கார எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

காலையில் அவன்தான் தேநீர் போடுகிறான். எனக்கு இரண்டு கோப்பை கொண்டுவந்து வைக்கிறான். ஏன் என்று நான் கேட்டதில்லை. ஒன்றில் பால் மட்டும். இன்னொன்றில் நிறையச் சர்க்கரை. நான் சர்க்கரை போட்டுக் குடிப்பதில்லை, அந்தக் கோப்பையைத் தொடுவதும் இல்லை.

அவன் எடுத்துப்போக வரும்போது இரண்டும் காலியாக இருக்கின்றன.