உபவாச வீட்டில் கறி வாசனை

சேலையூர் பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு நடந்து வந்த பிறகுதான் ஜெரூஷா கவனித்தாள், இடது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றதென்று தெரியவில்லை. சித்திரை வெயிலில் தார்ச்சாலை கொதித்தது. கால் அதை உணரவே இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு, அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஓர் ஆஸ்பத்திரியில் இரைப்பையை வெட்டிச் சுருக்கிக்கொண்டாள். நாற்பது கிலோ இறங்கியது. சர்ச்சில் எல்லாரும் துளைத்தெடுத்தபோது, 'உபவாச ஜெபம்' என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள். அடுத்த ஞாயிறே பாஸ்டர் மைக்கைக் கொடுத்துச் சாட்சி சொல்ல வைத்துவிட்டார். நினைத்தால் இன்றைக்கும் உடம்பெல்லாம் கூசியது. ஆயுசுக்கும் வைட்டமின் ஊசி, ரத்தப் பரிசோதனை, எதையும் விடக்கூடாது, விட்டால் நரம்பு மரத்துப்போகும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். சர்ச் தோழி மெட்டில்டாவின் மகள் பிளஸ்ஸி அதே ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்தாள். அதன் பிறகு ஜெரூஷா அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. வேறு டாக்டரிடம் போனாலும் கதையைச் சொல்லியாக வேண்டுமே.

அன்று மத்தியானம் அவள் வீட்டில் உபவாச ஜெபம். பாயில் மெட்டில்டா, பிளஸ்ஸி உட்படப் பத்துப் பன்னிரண்டு பெண்கள், நாற்காலியில் அவள். மூடிய ஜன்னல்கள், மின்விசிறியின் கரகரப்பு, வியர்வை, பட்டினி வாய்களின் புளிப்பு, மூடிய கண்களுக்குள் ஏறி இறங்கும் முணுமுணுப்பு. அதன் நடுவே மெல்ல நுழைந்தது ஒரு வாசனை. கறி வாசனை. பக்கத்து வீடாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். வாசனை கெட்டியானது. தீய்ந்தது. முணுமுணுப்புகள் ஒவ்வொன்றாக நின்றன. தன் சமையற்கட்டைத்தான் எல்லாரும் சந்தேகப்படுகிறார்கள். அவள் கண்ணைத் திறக்கவில்லை. ஏதோ பொரிந்தது. மிக அருகில்.

"ஆன்டி! காலு!" பிளஸ்ஸி அலறினாள்.

ஜெரூஷா குனிந்து பார்த்தாள். புடவை தேய்த்துவிட்டு, அணைக்காமல் நாற்காலிக்கடியில் நிமிர்த்தி வைத்த இஸ்திரிப் பெட்டி. அதன் தகட்டில் அவள் பாதம். ஒட்டிக்கொண்டு. புகை.

பிளஸ்ஸி பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினாள். "வலிக்கலையா ஆன்டி? எத்தனை நாளா மரத்துப்போயிருக்கு? ஏதாச்சும் ஆபரேஷன் பண்ணீங்களா? மறைக்காம சொல்லுங்க, இப்பவே போனா சரி பண்ணிடலாம்."

சொல்லிவிடலாம். ஒரே வார்த்தை.

அதற்குள் மெட்டில்டா முழங்காலில் விழுந்தாள். "ஸ்தோத்திரம்! நெருப்பு தொட்டும் சிஸ்டருக்கு வலிக்கல பாருங்க!"

பசியில் வற்றிய முகங்கள் எல்லாம் ஜெரூஷாவையே பார்த்தன. காலை இழுத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"வலிக்கவே இல்ல," என்றாள், சிரித்துக்கொண்டே.

ஜெரூஷாவின் தோல் ஒட்டிப் பொரிந்துகொண்டிருந்த தகட்டை நோக்கி, கண்ணை மூடியபடி, மெட்டில்டா தன் உள்ளங்கையை நீட்டினாள்.