ஈயம் இல்லாத சுவர்

மருந்துத் தொட்டியிலிருந்து தூக்கிய எக்ஸ்ரே பிலிம் கண்ணாடி போலத் தெளிந்திருக்க வேண்டும். அது கருஞ்சாம்பல் நிறத்தில் இருந்தது.

அந்த பிலிமில் யாரையும் படம் எடுக்கவில்லை. காலை அவசரத்தில் அதை அடைத்திருந்த கேசட்டைத் தன் முக்காலிக்குப் பின்னால் சாய்த்து வைத்துவிட்டு மறந்துபோயிருந்தாள் செனோபியா. தடுப்புச் சுவருக்கு இந்தப் பக்கம், அவள் உட்கார்ந்து பொத்தானை அழுத்துகிற பக்கம். சுவருக்குள் ஈயத் தகடு இருக்கிறது. கதிர் அதைத் தாண்ட வழியே இல்லை. கேசட்டின் மூடி சரியாகப் பொருந்தாமல் வெளிச்சம் புகுந்திருக்குமோ என்று பார்க்கத்தான் அதைக் கழுவினாள்.

வெளிச்சம் பட்ட பிலிம் ஓரத்திலிருந்து கறுத்துக்கொண்டு வரும். இது அப்படி இல்லை. இருட்டறையின் சிவப்பு விளக்குக்கு முன்னால் சொட்டச் சொட்டப் பிடித்துப் பார்த்தாள். புளிக்காடியும் துருவும் கலந்த மருந்து வாடை மூக்கில் ஏறியது. தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை ஒரே சீராகக் கொட்டிக்கொண்டிருந்தது. பிலிம் முழுக்க வெள்ளைப் புள்ளிகள், நேர்நேராக, வரிசை வரிசையாக. ஆணிகள். அவற்றுக்கிடையே பலகைகளின் இடுக்குகள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது சுவரின் உட்புறத்தை. ஆணி இருந்தது, பலகை இருந்தது. ஈயம் இல்லை.

நடுவில், அகன்ற கிண்ணம் போல மங்கலான வெளுப்பு. அது தன்னுடைய இடுப்பெலும்பு என்று புரிந்துகொள்ள அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. அந்தக் கிண்ணத்துக்குள் இன்னொன்றும் கிடந்தது. பாசிமணி கோத்த நூல் போல, லேசாக வளைந்து.

செனோபியா பாசிமணி எதுவும் அணிவதில்லை.

வைலாகோச்சா ஈயம் தோண்டுகிற ஊர். மலையைக் குடைந்து வண்டி வண்டியாக ஈயம் ஏற்றி அனுப்புகிற ஊரில், சுரங்க ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறைக்குத் தகடு கிடைப்பது கஷ்டமில்லை என்றுதான் அவள் நம்பியிருந்தாள். அவள் கணவன் ஃப்ரொயிலான் ஆஸ்பத்திரியின் தச்சன். அந்தச் சுவரை எழுப்பியது அவன்தான். கல்யாணமான புதிதில் அவளைக் கைபிடித்து அழைத்து வந்து, பலகையில் விரல் முட்டியால் தட்டிக் காட்டி, "இதுக்குப் பின்னால நீ ராணி மாதிரி உக்காரலாம்" என்று சொன்னான். அறை குறுகல் என்பதால் நோயாளிகள் நெஞ்சைச் சாய்த்து நிற்கும் பலகையும் அதே சுவரில்தான் பொருத்தப்பட்டிருந்தது. ஒவ்வொரு தொழிலாளியின் நெஞ்சையும் துளைத்து வருகிற கதிர் நேராக அவளை நோக்கித்தான் வரும். அதனால் என்ன, ஈயம் இருக்கிறதே.

அதன் பிறகு மூன்று கர்ப்பங்கள். மூன்றும் தங்கவில்லை. ஒவ்வொரு முறையும் ஃப்ரொயிலான் மூன்யா மூலிகை இலையைக் கொதிக்க வைத்துக் கொடுத்துவிட்டு, அவள் காலடியில் உட்கார்ந்து அழுதான்.

மதியம் கடைசியாக வந்தவர் தோன் தெயோதோசியோ. பாறையைத் துளைக்கிற எந்திரத்தோடு இருபது வருஷம் கிடந்து காது மந்தமானவர். சட்டையைக் கழற்றிக்கொண்டே, "தோன்யா செனோபியா, என் நெஞ்சுக்குள்ள இன்னும் எவ்வளவு மலை மிச்சம் இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க. கம்பெனி வந்து தோண்டிக்கட்டும்" என்றார்.

அவள் சிரிக்கவில்லை. சுவருக்குப் பின்னால் போகக் கால் வரவில்லை. சுவிட்சின் நீள ஒயரை இழுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய் நின்று அழுத்தினாள். எந்திரம் விர்ரென்று சுழன்று, 'டக்' என்று அடங்கியது.

கிழவர் பலகையிலிருந்து முகத்தைத் திருப்பினார். "ஏன் தோன்யா, பிள்ளைங்கள உள்ள வச்சுப் பூட்டியிருக்கீங்க?"

"எந்தப் பிள்ளைங்க?"

"இந்தப் பக்கம், சுவத்துக்குப் பின்னால. பிராண்டுதுங்களே. நெஞ்சுல வந்து தட்டுது."

அவள் சுவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். முக்காலி. அதன் மேல் அவள் மடித்துப் போட்டிருந்த கம்பளி. வேறு எதுவும் இல்லை.

ஃப்ரொயிலானின் பட்டறை எக்ஸ்ரே அறைக்கு மறுபக்கம், இன்னொரு சுவரை ஒட்டி இருந்தது. ஊன்றுகோல் ஒன்றை இழைத்துக்கொண்டிருந்தான். மரச்சுருள்கள் முழங்கால் வரை குவிந்திருந்தன.

"அந்தச் சுவத்துல ஈயம் இருக்கா?" என்று கேட்டாள்.

"என்ன திடீர்னு?"

"இருக்கா?"

"நான்தானே ஆணி அடிச்சேன்! உனக்கு என்ன, தலைவலியா? போய் கோக்கா டீ குடி, போ." சிரித்தான். ஆனால் இழைப்புளி நின்றுவிட்டது. அவன் அவளைப் பார்க்கவில்லை. தன் முதுகுக்குப் பின்னாலிருந்த சுவரை ஒரு முறை பார்த்தான். கண் மூடித் திறக்கிற நேரம்தான். அவள் அதைக் கவனித்தாள்.

மரம் வாங்க அவன் கிடங்குக்குப் போனதும் இரண்டு கேசட்டுகளை எடுத்தாள். ஒன்றைத் தன் முக்காலியின் பின்னால் வைத்தாள். இன்னொன்றைப் பட்டறையில், அவன் தினமும் நிற்கிற இடத்தில் தொங்கவிட்டாள். எந்திரத்தின் தலையை முதலில் பட்டறைச் சுவருக்கும் பிறகு தன் சுவருக்கும் திருப்பி, இரண்டு தடவையும் வராந்தாவில் நின்றே அழுத்தினாள். சுவருக்குப் பின்னால் ஆள் இல்லை. அதை இரண்டு தடவை போய்ப் பார்த்து உறுதி செய்துகொண்டாள்.

இருட்டறைக் கதவைத் தாழிட்டாள்.

பட்டறை பிலிம் தெளிவாக வந்தது. ஜன்னல் கண்ணாடி போல, ஒரு புள்ளி, ஒரு கீறல் இல்லாமல். கதிரில் ஒரு துளிகூட அந்தச் சுவரைத் தாண்டவில்லை. ஈயம் இருந்தது. நல்ல கனமாக, விளிம்பு வரை, அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

அவளுடைய பிலிம் தொட்டிக்குள் மெல்லக் கறுத்தது. ஆணிகள் ஒவ்வொன்றாக வெளுத்து எழுந்தன. அவற்றோடு வேறு ஏதோ ஒன்றும் எழுந்தது.

கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம் ஏமாற்றும், கண்ணாடியும் ஏமாற்றும். இந்தக் கதிருக்கு ஏமாற்றத் தெரியாது என்பதுதான் அவள் கற்ற பாடம். காற்று இருந்தால் ஊடுருவிப் போய் பிலிமைக் கறுப்பாக்கும். சதை கொஞ்சம் மறிக்கும், எலும்பின் சுண்ணாம்பு அதைவிட மறிக்கும், ஈயம் முழுதாக விழுங்கிவிடும். மறித்த இடம் மட்டுமே வெளுக்கும். ஒன்றும் இல்லாத இடத்தில் நிழல் விழாது.

முக்காலிக்கு மேலே மூன்று நிழல்கள் விழுந்திருந்தன. தீக்குச்சி போன்ற விலாக்கள். பாசிமணி போன்ற முதுகுத் தண்டுகள். ஒன்றையொன்று ஒட்டி, நெருக்கியடித்துக்கொண்டு, உட்கார்ந்திருந்தன.

கதவு தட்டப்பட்டது.

"செனோ. என் பட்டறையில கேசட்ட யாரு மாட்டினது?"

வெளியே அவன் மூச்சு வாங்குவது கேட்டது.

"தகடு ரெண்டு சுவத்துக்கும் பத்தல" என்றான் கடைசியில். குரல் கதவுப் பலகையை ஒட்டி, கீழே எங்கிருந்தோ வந்தது, உட்கார்ந்துவிட்டான் போலிருக்கிறது. "ஒரு சுவத்துக்குத்தான் குடுத்தானுங்க. நான் நாள் முழுக்க அங்கயே நிக்கிறவன். நீ சும்மா ஒரு நொடி பொத்தான அமுத்துறவ. அவ்வளவுதானே, என்ன ஆயிடப் போகுதுன்னு நெனச்சேன்."

"முதல் பிள்ளை போனப்ப சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ என்ன விட்டுப் போயிருப்ப."

"மூணாவது போனப்ப?"

கூரையில் ஆலங்கட்டி மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

"உன் காலப் புடிச்சு அழுதேனே, அது பொய்யில்ல செனோ" என்றான். "சத்தியமா பொய்யில்ல. என்ன செய்யணும் சொல்லு. நானே அந்தப் பலகையில போய் நிக்கிறேன். எத்தன தடவ வேணா கதிர அடி. என் உடம்புலயும் ஏறட்டும்."

அவள் கதவைத் திறந்தாள். அவன் ஏற்கெனவே சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். எதற்காக அதற்கு உடன்பட்டாள் என்று அவளுக்கே தெரியாது. தண்டிக்கவா, அல்லது அங்கே நிற்பது என்னவென்று இன்னொரு மனிதனை வைத்துப் பார்த்துவிடவா. புது கேசட்டைச் செருகினாள். அவன் நெஞ்சைப் பலகையில் அழுத்தி, மோவாயை மேலே தூக்கி, நல்ல பிள்ளை மாதிரி தோள்களை முன்னால் வளைத்தான்.

வராந்தாவிலிருந்து சொன்னாள், எல்லாரிடமும் சொல்வதுபோல: "மூச்ச நல்லா இழு. அப்படியே புடி."

விர்ர். டக்.

அவனைத் திரும்பிப் பார்க்காமல் கேசட்டை உருவிக்கொண்டு இருட்டறைக்குள் போனாள். தாழ். சிவப்பு விளக்கு. பிலிம் தொட்டிக்குள் இறங்கியது.

இருட்டறைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. சட்டை போடுகிற சத்தம் இல்லை. பெஞ்சில் உட்கார்கிற சத்தம் இல்லை.

மூச்சை விடச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவுக்கு வந்தது.

"விடலாம்" என்றாள். சற்று உரக்க, "ஃப்ரொயிலான், மூச்ச விடு."

ஏதோ உதைத்தது. மரத்தில் குதிகால் படுகிற சத்தம். தட், தட். இடைவெளி. தட். வேகமாக. பிறகு மெதுவாக.

தாழில் கை வைத்தாள். இன்னொரு கையில் தொட்டியிலிருந்து தூக்கிய பிலிம் இருந்தது. அதில் படம் எழுந்துகொண்டு வந்தது.

அவன் விலாக்கள். காற்று நிறைந்து, கன்னங்கரேலென்று விரிந்த நுரையீரல்கள். தொண்டையில், மூச்சுக்குழாயின் கறுப்புக் கோடு பாதியில் நின்றிருந்தது. அதைச் சுற்றி அரிசிமணி போன்ற எலும்புகள். விரல்கள். ஒரு ஜோடிக் கைகள். மேலே, அவன் தாடையில், இன்னொரு ஜோடி.

குதிகால் சத்தம் நின்றது.

கேசட்டுக்கு மிக அருகில் இருப்பதுதான் மிகக் கூர்மையாக விழும், விலகியிருப்பது மங்கும். அந்தப் படத்தில் மிகக் கூர்மையாக விழுந்திருந்தது அவன் விலா இல்லை. கீழ் மூலையில், அவனை விட்டு விலகி, அவள் முக்காலி இருக்கிற பக்கமாகப் பலகையின் மேல் விரித்து அழுத்தியிருந்த, மூன்றாவதின் மிகச் சிறிய ஓர் உள்ளங்கை.