முகத்தில் ஒரு துரோகம்

"ஆ...!"

குளியலறையிலிருந்து வந்த அலறலில் முகுந்தின் கையிலிருந்த காபி சட்டையில் கொட்டியது.

ஓடினான்.

கண்ணாடி முன்னால் அவன் மனைவி தீப்தி. இரண்டு கன்னமும் ரத்தச் சிவப்பு!

"எரியுதுடா முகுந்த்! நேத்தைவிட ஜாஸ்தி!"

"நான்தான் சொன்னேனே... நீ கண்டுபிடிச்ச மருந்தை உன் மூஞ்சியிலேயே டெஸ்ட் பண்ணாதேன்னு!"

தீப்தி ஜெர்மனியின் ஆஹென் நகரில் தோல் நோய் ஆராய்ச்சியாளர். அவளுக்கே ரொசேஷியா என்கிற, முகம் சிவந்து எரியும் நோய். கிருமிகளைக் கொல்ல நம் தோலே சுரக்கிற குட்டிப் புரதம் ஒன்று உண்டு. பெயர் எல்எல்-37. அது அளவுக்கு மீறினால்... காவல்காரனே வீட்டுக்குக் கொள்ளி வைத்த கதைதான். தோல் சிவந்து எரியும். அந்தப் புரதத்தை அடக்கும் களிம்பைத்தான் தீப்தி கண்டுபிடித்திருந்தாள். நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கலாமா என்று நாளை கமிட்டி முடிவு செய்யும். இந்த முகத்தோடு போய் நின்றால் இத்தனை வருட உழைப்பும் குப்பைக்கு!

"கமிட்டிக்கு மெயில் போட்டுடு தீப்தி. மருந்து ஃபெயில்னு ஒத்துக்கோ. நான் இருக்கேன் உனக்கு..."

அழைப்பு மணி அடித்தது.

வாசலில் ஓர் ஈழத்தமிழ் இளைஞன்.

"வணக்கம். நான் சுலக்ஷன். கிரிமினல் பொலிஸ். தீப்தி அக்கா வரச்சொன்னவா."

முகுந்த் சிரிக்கப் பார்த்தான். "போலீஸா? தோல் வியாதிக்கு டாக்டரைத்தானே கூப்பிடுவாங்க?"

"ஓம் அண்ணை. ஆனா வியாதியை ஆரும் குடுத்திருந்தா எங்களைத்தான் கூப்பிடவேணும்."

சமையலறையில் உட்கார்ந்தார்கள்.

"மருந்தை விட வேற என்ன பூசுறனீங்கள் அக்கா?"

தீப்தி ஃப்ரிட்ஜைத் திறந்து, தோசை மாவுக்குப் பக்கத்திலிருந்த ட்யூபை எடுத்தாள். "இந்த க்ரீம்தான். கடையில வாங்கினது. நான் பாத்ரூம்ல வெச்சாலும் எப்படியோ ஃப்ரிட்ஜுக்கு வந்துடுது."

சுலக்ஷன் அதைப் புரட்டிப் பார்த்தான். மேஜை மேல் வைத்தான். பிறகு மழையைப் பற்றிப் பேசினான்... பஸ் தாமதத்தைப் பற்றிப் பேசினான்...

முகுந்தின் கை நீண்டது. ட்யூபை எடுத்தது. ஃப்ரிட்ஜுக்குள் வைத்துக் கதவைச் சாத்தியது!

"ஏன் அண்ணை உள்ளுக்க வைச்சனீங்கள்?"

"வெ... வெளியில இருந்தா கெட்டுடும்."

"சாதாரண அறையில வையுங்கோ எண்டெல்லோ ட்யூபில கிடக்கு? க்ரீம் கெடாது அண்ணை. அதுக்குள்ள நீங்கள் கலந்த சாமான்தான் கெடும்!"

முகுந்த் வேலை பார்க்கும் கம்பெனியில் அவனுக்கு அன்றாடத் தொழிலே எல்எல்-37 மாதிரிப் புரதங்களைத் தயாரிப்பது. வெளியே கிடந்தால் வீணாகிவிடும். அதனால் பழகிப்போன கை அது. மூளையைக் கேட்காமலே வேலை செய்துவிட்டது!

"போன கிழமை அக்கா தந்த க்ரீமை எங்கட லேப் பாத்திட்டுது. நிறைய எல்எல்-37! ஆர் கலந்தது எண்டதுதான் பாக்கி."

முகுந்த் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"ஏன்டா?" தீப்தியின் குரல் உடைந்தது.

"ரெண்டு பேரும் ஒரே லேப்ல ஆரம்பிச்சோம்! இன்னிக்கு எல்லாரும் என்னை 'தீப்தியோட ஹஸ்பண்ட்'னு கூப்பிடறாங்க! கேக்கும்போதெல்லாம் பத்திக்கிட்டு வருது!"

"எரியுதுன்னு நான் அழுதப்ப ஐஸ் வெச்சு விட்டியே... அதே கையாலதானே கலந்தே? முகம் போகட்டும் முகுந்த். உன்னை நம்பினேன் பாரு... அதுதான் தாங்கலை."

அவளுக்கு நெஞ்சே வெந்து போயிருந்தது. அவனுக்கோ வெட்கம்கூட வரவில்லை.

"அழு! நாளைக்குக் கமிட்டி முன்னால இந்த மூஞ்சியோட என்ன சொல்லுவே? நான் உள்ளே போனாலும் உன் மருந்து தோத்தாச்சு!"

தீப்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு டிஷ்யூவை நனைத்தாள். இடது கன்னத்தில் அழுத்தித் தேய்த்தாள்.

சிவப்பு முழுக்க டிஷ்யூவில்! கன்னம் பளிச்சென்று இருந்தது.

"லிப்ஸ்டிக்!" என்றாள். "முகம் முழுக்க மருந்து போடறேன்னு உன்கிட்ட சொன்னேன். ஒப்பிட்டுப் பார்க்க இடது பக்கம் மட்டும்தான் போட்டேன். நீ கலந்த க்ரீமை ரெண்டு பக்கமும் பூசினேன். வலது வெந்துது... இடதுல ஒரு பொட்டுச் சிவப்புகூட வரலை! நீ உஷாராகிடக் கூடாதுன்னுதான் தினமும் பெயின்ட் அடிச்சேன். என் மருந்து ஜெயிச்சாச்சு முகுந்த்... உன் புண்ணியத்துல!"

முகுந்த் அப்படியே நாற்காலியில் சரிந்தான்.

சுலக்ஷன் விலங்கை எடுத்தான்.

"எழும்புங்கோ அண்ணை! இந்த நாட்டில தோல் டாக்டரிட்ட டெர்மின், அதுதான் அப்பாயின்ட்மென்ட், எடுக்க அரை வருசம் காத்திருக்கவேணும்... நீதவானிட்ட நாளைக்கே கிடைக்கும்!"