பச்சைப் பொத்தானுக்கு ஒரு பொட்டு

விசையைக் கீழே இறக்கிய பிறகும் அந்த முனகல் நிற்கவில்லை.

மலேசியாவில், கோப்பெங் பக்கத்துப் பழைய தோட்டத்து ரப்பர் ஆலையில் ஆயுத பூசை. சாம்பிராணிப் புகையும் புளித்த ரப்பர் பால் வாடையும் சேர்ந்து மூக்கை அடைக்க, தகரக் கூரையில் மாலை மழை கொட்டிக்கொண்டிருக்க, அந்த இரைச்சலுக்கு அடியில், உருளை மிசினின் பெட்டிக்குள்ளிருந்து, கரண்டு இருக்கும்போது மட்டும் கேட்கிற அது வந்துகொண்டே இருந்தது. மழைதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார் ஆலை ஆட்களை மேய்க்கும் மண்டோர் உடையப்பன். பெரிய மனிதருக்குப் பொய் என்ன புதுசா?

போன வாரம் மிசினுக்கு வரும் லைனில் பிரேக்கர் போனது. புதுசு வாங்கச் சோம்பல். அலமாரியில் கிடந்த துணை பிரேக்கரைத் தானே போர்டில் மாட்டினார். இந்த விசை அதனுடையதுதான்.

"அண்ணே, இது பெரிய பிரேக்கருக்குப் பின்னால, மிசினுக்குள்ள நிக்கிற சின்னப் பய. லைன்ல தனியா நிக்கவிட்டா ஷார்ட் தாங்காது, உள்ளயே உருகி ஒட்டிக்கும். அப்புறம் விசைய இறக்கினாலும் கரண்டு போய்க்கிட்டே இருக்கும்லா," என்று அன்றே எச்சரித்தான் வயர்மேன் தர்மேந்திரன்.

"ரெண்டுலயும் மேல போட்டிருக்கிற ஆம்ப் நம்பர் ஒண்ணுதானடா? படிச்சிட்டா கொம்பு முளைச்சிருமா?"

நேற்று ஈரத்தில் போர்டுக்குள் 'டப்' என்றது. கருகல் வாடை. மிசின் ஓடியது. ஓடுகிறதே, போதாதா? ஐயா யாரிடமும் மூச்சு விடவில்லை.

இப்போது அவர் மனைவி துளசி, மிசினுக்குச் சாமந்தி மாலை சார்த்திவிட்டு, இரண்டு உருளைகளுக்கும் நடுவே கையை விட்டுச் சந்தனம் பூசிக்கொண்டிருந்தாள். கண்ணாடி வளையல்கள் இரும்பில் உரசின. உருளைக்கு அவள் கை, விசைக்கும் பொத்தானுக்கும் மண்டோர் கை. வருசா வருசம் அப்படித்தான்.

முனகல். முன்பைவிடப் பலமாக.

"அண்ணே, அக்காவக் கைய எடுக்கச் சொல்லுங்க. என்னமோ சத்தம் கேக்குது."

"மழைக்கும் மிசினுக்கும் வித்தியாசம் தெரியாதவன் வயர்மேனாம்!"

சுற்றி நின்ற ஆலைக் கூட்டம் சிரித்தது. 'கையை எடு துளசி' என்று ஒரு வார்த்தை போதும். சொன்னால் அந்தப் பொடியன் ஜெயித்துவிடுவானே! தூ, பெண்டாட்டி கையைவிட அவருக்குத் தன் மீசை பெரிது.

சந்தனத்தில் விரலைத் தோய்த்தார். விசைக்கு ஒரு பொட்டு. சிவப்புப் பொத்தானுக்கு ஒரு பொட்டு. அடுத்தது மிசினை ஓட்டும் பச்சைப் பொத்தான். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கரண்டு இல்லாத மிசின்தானே? பயமில்லை என்று காட்ட அழுத்தி வைத்தார்.

உருளை சுற்றியது.

"என்னங்க!"

விசைக்குப் பாய்ந்தார். கீழேதான் இருந்தது. மேலே தள்ளினார். கீழே. மேலே. கீழே. அலறல். தர்மேந்திரன் சிவப்புப் பொத்தானை அறைந்தான்.

நின்றது.

மழையும் விட்டிருந்தது. உருளைக்கு அந்தப் பக்கம் சாமந்தி மாலை தகடாக நசுங்கித் தொங்கியது. அதில் பதிந்த வளையல் சில்லுகள். அதை ஒட்டி, சந்தனம் காயாத விரல்கள். விசை கீழே. பெட்டிக்குள் முனகல் மட்டும் நிற்கவே இல்லை.