கிழக்கு வயலுக்குச் சொன்ன வார்த்தை

காலை ஐந்து நாற்பதுக்குப் புதுக்கொல்லையின் இருநூற்று அறுபது வீடுகளிலும் கோபிகா பேசத் தொடங்கினாள். அடுப்படியில் தேநீர் வடிகட்டிக்கொண்டிருந்த கோபிகா வாயையே திறக்கவில்லை.

"சித்தப்பா, பதினோரு மணிக்கு மேல காத்து திரும்பும். காயப்போட்டதை அதுக்குள்ள அள்ளிடுங்க" என்றது எதிர்வீட்டில் அவள் குரல். பக்கத்து வீட்டில் அதே குரல், "அத்தாச்சி, ஆட்டை வடிகால் பக்கம் விடாதீங்க, உப்புத்தண்ணி ஏறியிருக்கு" என்றது. இரண்டு வீடு தள்ளி, "ஏய் ஹரிணி, எழுந்திரிடி" என்று செல்லமாக அதட்டியது. வீட்டுக்கு வீடு உறவுமுறை மாறியது. கோபிகா நேரில் போனால் யாரை எப்படி அழைப்பாளோ, அப்படியே ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் இருந்த 'சொல்லி' என்ற பெட்டி அழைத்தது. தெரு முழுவதும் தன் குரலே தன்னைச் சுற்றி எழும்புவதைக் கேட்டபடி தேநீர் வடிகட்டுவது அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

அவள் வீட்டுச் சொல்லியும் பேசியது. "ஏங்க, மேற்கு வயலுக்கு எட்டு மணிக்கு முறைத்தண்ணி. கெழக்கு வயலுக்கு இன்னும் தெரியலைங்க."

பல் துலக்கிக்கொண்டிருந்த அபினேஷ் வாயில் நுரையோடு சுவரைப் பார்த்தான். "அஞ்சு நாளா இதையேதான் சொல்ற" என்றான். பிறகு மனைவியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "உன்னைச் சொல்லலை, கோபி."

"தெரியும்" என்றாள் அவள்.

பால் வாங்கக் கிளம்பும்போது கழுத்தில் குரல்மாற்றிப் பட்டையைக் கட்டிக்கொண்டாள். பால் நிலையத்தில் ஹரிணி பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத் தோழி, கிழக்கில் இவர்கள் வயலுக்கு அடுத்த வரப்புக்காரி.

"வாடி மகாராணி. விடியறதுக்குள்ள என்னை எழுப்பி விட்டுட்டு நீ ஆடி அசைஞ்சு வர்ற."

"அரை லிட்டர் போடு" என்றாள் கோபிகா. பட்டையிலிருந்து வந்தது யாருடையதுமல்லாத, சீராகத் தேய்த்த ஒரு குரல்.

"ஐயோ, இந்தக் குரலைக் கேட்டா பேங்க்லேருந்து கூப்பிடற மாதிரியே இருக்கு" என்று ஹரிணி தலையில் அடித்துக்கொண்டாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கோபிகாவும் சிரித்தாள். சிரிப்பையும் பட்டை மாற்றித்தான் வெளியே விட்டது.

ஒரு காலத்தில் புதுக்கொல்லைக்கு எச்சரிக்கைகளுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. ஆளுக்கொரு கைப்பேசி, நாளைக்கு ஏழு செய்தி, எல்லாம் நகரத்துக் குரலில். பெரும்புயல் வந்த அன்று ஊரின் அத்தனை கைப்பேசிகளும் ஒன்றாக அலறின. பாதிப்பேர் அவற்றைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டுப் படுத்தார்கள். பத்தொன்பது பேர் போனார்கள். தகவல் வராமல் அல்ல, வந்தும்.

அதற்குப் பிறகுதான் கடலோரத் தொடர்பு மையம் வேறு வழியை யோசித்தது. தொடர்பாளர் ஜெரோம் வீடு வீடாக வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "யாராவது வந்து 'கெளம்பு'ன்னு சொன்னா, யார் சொன்னா ஏன்னு கேக்காம கெளம்புவீங்க?" இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள் கோபிகாவின் பெயரைச் சொல்லின. ஆறு வருடம் மதகுச் சாவி அவளிடம் இருந்தது. முறை முடிந்தும் பத்து நிமிடம் கூடுதலாகத் தண்ணீர் பாய்ச்சினான் என்று சொந்தப் புருஷனின் வாய்க்காலையே அடைத்தவள் அவள். அபினேஷ் அதைக் கல்யாண வீடுகளில் இன்றும் புகாராகச் சொல்வான், கொஞ்சம் பெருமையோடு.

அவள் நாற்பது மணிநேரம் பேசிக் கொடுத்தாள். வயலில் புதைத்த உப்புமானிகளும், கடலில் மிதக்கும் அளவிகளும், செயற்கைக்கோள்களும் சொல்வதையெல்லாம் கணிப்பு மையம் திரட்டி அவள் குரலில் வீடுகளுக்கு அனுப்பியது. தெரிந்ததை மட்டும் சொல்லும். தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்லும். மூன்று வருடங்களில் இரண்டு புயல்கள் வந்தன. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

ஆனால் முதல் வருடமே ஒன்று நடந்தது. மிளகாய் காயவைத்த யாரிடமோ கோபிகா போகிற போக்கில், "இருக்கட்டும், மழை வராது" என்றாள். அன்று மாலைக்குள் பதினான்கு வீடுகள் நெல்லைக் களத்தில் கொட்டிவிட்டன. மழை வந்தது. அதிலிருந்துதான் ஊர்க்குரல் விதி வந்தது: குரல் தந்தவர் வெளியில் சொந்தக் குரலில் பேசக் கூடாது. வீட்டுக்குள் பேசலாம். வீட்டுக்குள் என்ன பெரிதாகப் பேசிவிடப்போகிறார்கள் என்று அன்று எல்லோரும் நினைத்தார்கள்.

அன்று மதியம் அபினேஷ் பாதிச் சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். ஐப்பசி பாதி ஓடிவிட்டது. கிழக்கு வயலுக்கான நாற்று இருபத்தெட்டு நாளைத் தாண்டிவிட்டது. உப்பு தாங்கும் நெல் அது. விதைவங்கி ஒரு வீட்டுக்கு வருடத்துக்கு ஒரு தரம்தான் தரும். நட்டு உப்பேறினால் இந்த வருடம் அவ்வளவுதான். நடாமல் விட்டாலும் நாற்று முற்றிப் போகும்.

"சாப்பிடுங்க."

"பெட்டியில இருக்கிற நீ தெரியலைங்கிற. இங்க இருக்கிற நீ சொல்லேன். தேறுமா?"

கோபிகாவுக்கு அவனுக்குத் தெரிந்த அளவுகூடத் தெரியாது. கணிப்பு எதையும் மையம் அவளிடம் முன்கூட்டிச் சொல்வதில்லை. அவள் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம், ஐந்து நாளாகச் சரியாகச் சாப்பிடாத ஒருவன், குழம்பில் ஊறி ஆறிப்போன சோறு, நாற்றங்காலில் நின்று நின்று கறுத்துப்போன அவன் பிடரி.

"தேறிடும்ங்க" என்றாள். "நடுங்க. இப்பச் சாப்பிடுங்க."

அவன் சாப்பிட்டான். இரண்டாம் தரம் சோறு கேட்டான். அவள் நிறைவாகப் போட்டாள்.

மறுநாள் காலை அவள் கிழக்கு வரப்புக்குப் போனபோது நடவு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அபினேஷ் வயலில் மட்டுமல்ல. ஹரிணி வயலிலும், அதற்கு அப்பால் நான்கு வயல்களிலும்.

ஹரிணி சேற்றில் நின்றபடி கை காட்டினாள். "சொல்லி இன்னும் முனகிட்டுக் கெடக்கு. நீ சொல்லிட்டியாமே! அபினேஷண்ணன் சொன்னாரு. அப்பறம் என்னத்துக்குக் காத்துக் கெடக்கணும்?"

கோபிகாவின் கை கழுத்துப் பட்டைக்குப் போனது. அவிழ்த்து எறிந்துவிட்டு, "நான் சும்மா சொன்னதுடி, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று கத்த ஒரு நிமிடம் போதும். ஆறு வயலும் நின்றிருக்கும். அவள் கத்தவில்லை. புருஷன் தலைகுனிய வேண்டாம் என்று நினைத்தாள். அது ஒரு காரணம்தான். இன்னொன்றை அவள் யாரிடமும் சொன்னதில்லை. நேற்று 'தேறிடும்' என்று சொன்னது மூன்று வருடமாக ஒருநாளும் தவறாத குரல். அதைக் கேட்ட அவளுக்கே நம்பிக்கை வந்துவிட்டிருந்தது.

நட்ட மூன்றாம் நாள் சொல்லி பேசியது. "ஏங்க, இப்பத் தெரிஞ்சுடுச்சு. அமாவாசைக்குக் கடல் கதவணையைத் தாண்டி ஏறும். கெழக்குல நட வேணாங்க." ஆறு வீடுகளிலும் ஆறு உறவுமுறையில் அதையே சொன்னது. அபினேஷ் எழுந்து போய்ச் சுவரின் முன் நின்றான்.

அமாவாசைக்கு மறுநாள் வடிகால் வழியாகத் தண்ணீர் பின்னுக்கு வந்தது. நுரை இல்லை, இரைச்சல் இல்லை. வயலில் அளவாகத்தான் நின்றது. ஒரு வாரத்தில் நாற்றின் நுனி சிவந்து, பிறகு வெள்ளையாக, பிறகு வைக்கோலாகப் போனது.

ஹரிணி வீட்டில் மேட்டுக் குடியிருப்புக்கு எழுதிக் கொடுத்தார்கள். கடலிலிருந்து அறுபது கிலோமீட்டர் உள்ளே, அரசு கட்டிய அறைகள். போனால் வயல் அரசுக்குச் சேர்ந்துவிடும். திரும்பி வர முடியாது. சாமான் வண்டி ஏறும்போது கோபிகா பக்கத்தில் போய் நின்றாள். பட்டைக் குரலில் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

"ஒண்ணும் பேசாத" என்றாள் ஹரிணி. "உம்மேல கோவம் இல்லடி. கோவப்படலாம்னுதான் பாக்கறேன், வர மாட்டேங்குது. காலையில சொல்லி எழுப்புனப்பக்கூட 'சொல்லுடி'ன்னுதான் எழுந்தேன்." வண்டியில் ஏறிக்கொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அங்க வேற யாரோ குரலாம். யாரோ ஒரு வாத்தியாராம். அவரு சொல்லி நான் எந்திரிக்கணுமாம்."

ஊர்க்கூட்டம் பள்ளிக்கூடத்தில் நடந்தது. குரலை மாற்றிவிடலாமா என்று ஒருவர் கேட்டார்.

ஜெரோம் தயங்கினான். "மாத்தலாம். ஆனா புதுக்குரல் மேல ஒரு ஊருக்கு நம்பிக்கை வர ஒரு பருவம் ஆகும். கார்த்திகையில ரெண்டு புயல் இருக்குன்னு மையம் சொல்லுது. அது வரைக்கும் உங்களை எழுப்பிக் கெளப்ப நம்பகமான குரல் இருக்காது."

"குரல் என்ன தப்பு பண்ணுச்சு?" என்றார் பின்வரிசையில் ஒருவர். "அது கடைசி வரைக்கும் தெரியலைன்னுதானே சொல்லுச்சு? தப்பு பண்ணுனது கோபிகா. குரல் நம்மளது. அதை ஏன் மாத்தணும்?"

யாரும் மறுக்கவில்லை. கோபிகாவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பது மெதுவாகவே உறைத்தது.

"அப்படின்னா ஒரே வழிதான்" என்றான் ஜெரோம், அவளைப் பாராமல். "அக்கா வீட்டுக்குள்ளயும் பட்டை போட்டுக்கணும். ஊரும் வீட்டுல உள்ளவங்களும் சம்மதிக்கணும்."

முதலில் உயர்ந்த கை அபினேஷுடையது.

பட்டை அன்று மாலை ஆறு மணியிலிருந்து வீட்டிலும் இருக்க வேண்டும் என்று ஏற்பாடு. ஐந்தரைக்கு அபினேஷ் கொல்லைப்புறக் குழாயடியில் கால் கழுவிவிட்டு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். கோபிகா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கதான் முதல்ல கையைத் தூக்குனீங்க."

"ஆமா."

"ஏங்க?"

அவன் ஈரக் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். "அன்னைக்கு நீ சொன்னப்ப, நான் சாப்பிடணும்னுதான் சொல்றன்னு எனக்குத் தெரியும் கோபி. அப்பவே தெரியும். தெரிஞ்சும் விடியகாலையில எழுந்து மிஷினுக்குச் சொல்லிட்டேன். ஹரிணி கேட்டதுக்கும் சொல்லிட்டேன். காலு தானா போவுது. அந்தக் குரல் நடுன்னா நடுது, ஓடுன்னா ஓடுது. உடம்பு பழகிடுச்சு. மனசு சொல்றதை அது கேக்க மாட்டேங்குது."

"அப்ப நான் இனிமே உங்களுக்கு ஆறுதலா ஒண்ணும் சொல்லக் கூடாது."

"சொல்லு. நல்லா சொல்லு. வேற குரல்ல சொல்லு."

"பேங்க் குரல்லயா?"

அவன் சிரித்துவிட்டான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. பத்தொன்பது பேரை அடக்கம் செய்த வாரத்தில் இந்த ஊர் எப்படி இருந்தது என்று இருவரும் பார்த்தவர்கள். அந்தக் குரல் வேண்டாம் என்று சொல்ல அவர்களால் முடியாது.

"இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?"

"பத்து நிமிஷம்."

"ஒரு பொய் சொல்லேன்" என்றான் அபினேஷ்.

"என்னங்க இது?"

"சும்மா சொல்லு. கடைசியா ஒண்ணு. முன்னெல்லாம் எவ்வளவு சொல்லுவ."

அவள் யோசித்தாள். "கல்யாணமான புதுசுல நீங்க பாடுனது நல்லா இருந்துச்சு."

"அடிப்பாவி. அது பொய்யா?"

"பின்ன?"

"அது பழசு. செல்லாது. புதுசா ஒண்ணு சொல்லு. எங்கிட்டச் சொல்றதா."

கோபிகா மடித்த துண்டை மடியில் வைத்துக்கொண்டாள். மூன்று வருடமாக ஊருக்காகவே பேசிய குரலில் ஒருவனுக்காகப் பேச வெட்கமாக இருந்தது. கனைத்துக்கொண்டாள்.

"அடுத்த வருஷம் கெழக்கு வயல் விளையும்ங்க."

கேட்டது பொய் என்பது அவனுக்குத் தெரியும். அவன்தான் கேட்டு வாங்கினான். ஆனாலும் அவன் முதுகு மெல்ல நிமிர்வதை அவள் பார்த்தாள். இரண்டு வாரமாகச் சுருங்கிக் கிடந்த அந்த முகம் மலர்வதைப் பார்த்தாள். கண்கள் கொல்லையைத் தாண்டிக் கிழக்கே போயின.

"எத்தனை மூட்டை?" என்றான்.

விளையாட்டுக்குக் கேட்கிறானா, நிஜமாகவே கேட்கிறானா என்று அவளுக்குப் புரியவில்லை. அவனுக்கே புரியவில்லை என்று பட்டது. பதிலுக்காக அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆறு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. கோபிகா பட்டையை எடுத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டாள்.