சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு விளக்கு

கோகிலனின் கைப்பேசி அடித்தால் வீட்டில் எல்லாரும் ஓடுவார்கள். அம்மா பின்புறக் கொட்டகையிலிருந்து, கரண்டியோடு. அப்பா குளியலறையிலிருந்து, தலையில் சோப்பு நுரையோடு. தங்கை தினேஸ்வரி பள்ளிப் பையைப் போட்டது போட்டபடி.

பெரும்பாலும் அது உடையப்பன் மாமாவாக இருக்கும். நான்கு வீடு தள்ளி இருப்பவர்.

“ஒன்னுமில்லலா. போன் வேலை செய்யுதான்னு பாத்தேன்.”

“மாமா, நீங்க கூப்புட்டுக் கூப்புட்டே எங்கப்பா ஒரு நாளு வழுக்கி விழப்போறாரு,” என்பான் கோகிலன். உடனே இருமுவான். சிரித்தால் அவனுக்கு இருமல் வரும்.

அவர்கள் எதிர்பார்த்தது வேறு அழைப்பு. கோலாலம்பூரில் உள்ள ஒரு மருத்துவமனையிலிருந்து வர வேண்டியது.

கோகிலனின் நுரையீரல் நாளுக்கு நாள் இறுகிக்கொண்டு வந்தது. மருந்து பலன் தரவில்லை. இறந்துபோன ஒருவருடைய நுரையீரலை எடுத்து அவனுக்குப் பொருத்த வேண்டும். கொடுப்பவர்கள் குறைவு. காத்திருப்பவர்கள் அதிகம்.

வீட்டில் ஓர் இயந்திரம் எப்போதும் உறுமிக்கொண்டிருக்கும். அதிலிருந்து நீளமான குழாய் ஒன்று அவன் மூக்குக்கு ஆக்சிஜன் கொண்டுவரும். குழாய் வாசற்படி வரை எட்டும். அதற்கு மேல் எட்டாது. ஆக்சிஜன் உள்ள இடத்தில் நெருப்பு ஆகாது. அதனால் அடுப்பு கொட்டகைக்குப் போனது. சாமி படத்துக்கு முன்னால் பேட்டரி விளக்கு வந்தது.

தீபாவளிக்கு முந்திய வாரம் மாமா முறுக்கு கொண்டுவந்தார்.

“கவலப்படாதடா. தீபாவளி லீவு. ஹைவேல ஒரே கூட்டம். எங்கயாச்சும் எக்சிடென் ஆகும். உனக்கு ஆஸ்பத்திரிலேர்ந்து கோல் வந்துரும் பாரு.”

அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். கோகிலன் கையிலிருந்த முறுக்கைத் தட்டில் திரும்ப வைத்தான்.

இரண்டு நாள் கழித்து அழைப்பு வந்தது. மாமா அல்ல.

ஈப்போவில் வீட்டிலிருந்து புறப்பட்டபோது மழை. அப்பா காரை ஓட்டினார். சிறிய ஆக்சிஜன் உருளை கோகிலனின் காலடியில் இருந்தது. நெடுஞ்சாலையின் எதிர்ப்பக்கத்தில் வண்டிகள் நின்றிருந்தன. நடுவில் ஓர் ஆம்புலன்ஸ். கோகிலன் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான்.

மருத்துவமனையில் அவனுக்கு வேறு உடை போட்டார்கள். ரத்தம் எடுத்தார்கள். காத்திருந்தார்கள். பிறகு மருத்துவர் வந்தார்.

“இறந்தவரோட நுரையீரல்ல அடிபட்டிருக்கு. வைக்க முடியாது.”

அம்மா கோகிலனின் சொந்தச் சட்டையை எடுத்து நீட்டினார்.

“அவரோட கிட்னி ரெண்டு பேருக்குப் பயன்படும்,” என்றார் தாதி மெல்ல.

“அவரு யாரு?” என்று கேட்டாள் தினேஸ்வரி.

“அதச் சொல்லக்கூடாதும்மா.”

அன்றிரவே வீடு திரும்பினார்கள்.

மறுநாள் காலை மாமா வாசலுக்கே வந்துவிட்டார்.

“போன் போகமாட்டேங்குதே!”

“சார்ஜ் தீந்திருக்கும்ணே,” என்றார் அம்மா.

தினேஸ்வரி அண்ணன் அறைக்குப் போனாள். கைப்பேசி தலையணைக்கு அடியில் கிடந்தது. சார்ஜ் தீரவில்லை. அணைத்து வைத்திருந்தான்.

“ஏண்ணே ஆஃப் பண்ண?”

“அது அடிச்சா எங்கயோ ஒருத்தர் செத்துட்டாருன்னு அர்த்தம். அதுக்கா நான் காத்துக்கிட்டு இருக்கணும்?”

“அம்மாகிட்ட சொல்லவா?”

“சொல்லாத.” சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

சொன்னால் அம்மா அழுவார். அப்பா கத்துவார். அண்ணன் கைப்பேசியைத் திறப்பான். அவர்கள் போனதும் மறுபடி அணைத்துவிடுவான். தினேஸ்வரி வெகுநேரம் யோசித்தாள்.

சாயங்காலம் தீபாவளிப் பெட்டியிலிருந்து ஓர் அகல்விளக்கை எடுத்தாள்.

“அம்மா, ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வெளக்கு வைக்கட்டா? உங்க போனும் வேணும்.”

“வீட்டுப் பக்கம் நெருப்பக் கொண்டு வராத.”

அவர்கள் இருக்கும் குடியிருப்பு முன்பு ரப்பர் தோட்டம். இப்போது சாலைக்கு எதிரே ஒரு வரிசை மரம் மட்டும் மிச்சம். முதல் மரத்தடியில் அவள் அகலை வைத்தாள். தீக்குச்சிகள் நமத்திருந்தன. மூன்றாவது பற்றியது.

கோகிலன் வாசற்படிக்கு வந்தான். குழாய் விறைத்து நின்றது. அவன் வாய் அசைந்தது. அவன் குரலுக்குச் சாலையைத் தாண்டும் பலம் இல்லை.

தினேஸ்வரி காதருகே கையை வைத்தாள். “கேக்கலண்ணே!” அம்மாவின் கைப்பேசியை உயர்த்திக் காட்டினாள்.

அவன் அசையாமல் நின்றான். பிறகு உள்ளே போனான். வெகுநேரம் வரவில்லை.

அவள் கையிலிருந்த கைப்பேசி அடித்தது. அண்ணன்.

“யாருக்குடி வெளக்கு?”

“அந்த ஆளுக்கு. பேரு தெரியல. பேரு இல்லாமயே கும்புட்டேன்.”

அவன் கைப்பேசியோடு வாசற்படிக்கு வந்து விளக்கைப் பார்த்தான்.

“அண்ணே, நேத்து நீ போன எடுக்காம இருந்திருந்தா அவரு பொழச்சிருப்பாரா?”

“இல்ல.”

“அவங்க வீட்டுல அழுதுக்கிட்டேதான குடுத்திருப்பாங்க? வாங்கிக்க ஆளே போன எடுக்கலன்னா?”

மேலே ரப்பர்க் காய் ஒன்று வெடித்தது. விதை சாலையில் உருண்டது.

“இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா?”

“யாரும் இல்ல. கார்ல நீ பேசவே இல்ல. சும்மா யோசிச்சேன்.”

“அடுத்த தடவையும் இப்படியே ஆச்சுன்னா?”

“இன்னொரு வெளக்கு வைப்பேன். பெட்டில நெறைய இருக்கு.”

அவன் சிரித்தான். இருமினான். இருமல் நிற்கும் வரை அவள் காத்திருந்தாள்.

“சரி, நீ போன வை. கோல் வந்தா லைன் வேணும்.”

வைத்த மறுகணம் வாசலில் அவன் கைப்பேசி அடித்தது. அம்மா கரண்டியோடு வந்தார். அப்பா நுரையோடு வந்தார். தினேஸ்வரி இருபக்கமும் பார்த்துவிட்டுச் சாலையைக் கடந்து ஓடி வந்தாள்.

“ஒன்னுமில்லலா,” என்றது உடையப்பன் மாமாவின் குரல். “போன் வேலை செய்யுதான்னு பாத்தேன்.”

“செய்யுது மாமா,” என்றான் கோகிலன். “நாளைக்கும் கூப்புடுங்க.”

பிறகு உள்ளே போய்க் கைப்பேசியைச் சார்ஜில் போட்டான்.