கட்டிலைச் சுற்றி நின்றவர்கள்

படத்தில் பதினான்கு பேர் இருந்தார்கள். காலையில் பதின்மூன்று பேர்தான்.

கஸ்பர் பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினார். கட்டிலில், சுடப்பட்டுச் சாகக் கிடக்கும் அமெரிக்க ஜனாதிபதி லிங்கன், சுற்றிலும் மந்திரிகள், வைத்தியர்கள். கதவோரமாக, காலையில் வெறும் நிழல் இருந்த இடத்தில், முதுகைக் காட்டியபடி ஒருவர். இரவெல்லாம் கண் விழித்த களைப்பு என்று சொல்லிக்கொண்டார். அடுத்த அறையில் ஒட்சிசன் இயந்திரம் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. மனைவி எமில்டாவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்து பதினொரு நாள். அவளுடைய இதயத்துக்கு இனிச் செய்ய ஒன்றுமில்லை என்றுதான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

வாசல் மணி அடித்தது. கோயிலிலிருந்து பிறேமினி.

“அண்ணை, நாலைஞ்சு பேர் வந்து அக்காவுக்கு ஒரு செபமாலை சொல்லிப்போட்டுப் போறமே?”

“வேண்டாம் தங்கச்சி. அவ நித்திரை.”

“போன கிழமையும் நித்திரை எண்டுதானே சொன்னனீங்கள்.”

“அவ நல்ல நித்திரைக்காரி.”

அவள் சிரிக்காமல் போனாள். கட்டிலைச் சுற்றிச் சனம் எப்போது கூடும் என்று கஸ்பருக்குத் தெரியும். அவருடைய தகப்பனுக்குக் கூடினார்கள், விடியுமுன் முடிந்தது. சனம் கூடாதவரை எமில்டா இருப்பாள்.

திரும்பி வந்து படத்தின் முன் உட்கார்ந்தார். முப்பது வருடமாக அவர் சேர்த்தவற்றில் இந்தப் பழைய மரணப்படுக்கை அச்சுப்படங்கள்தான் அதிகம். லிங்கன் இறந்தது ஒரு வாடகை வீட்டின் ஒடுங்கிய பின்னறையில். ஆட்கள் மாறி மாறித்தான் உள்ளே நிற்க முடிந்தது. படம் செய்தவர்களோ எல்லோரையும் ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள், சுவர்களைத் தள்ளிவைத்தார்கள். சில படங்களில் நாற்பது பேருக்கும் மேல்.

ஆனால் ஓர் ஆளைச் சேர்ப்பது லேசான வேலையில்லை. உருக்குத் தகட்டில் பழைய கோடுகளைச் சுரண்ட வேண்டும். தகட்டைப் பின்பக்கமாகத் தட்டி மட்டமாக்கி, மினுக்கி, புதிதாகச் செதுக்க வேண்டும். பிறகு மை பூசித் துடைத்து, நனைந்த தாளை மேலே வைத்து உருளையில் அழுத்தினால், பள்ளங்களில் நின்ற மை தாளில் ஏறும். ஏறியதோடு சரி. அச்சான தாளுக்குள் அதற்குமேல் எவரும் வர முடியாது.

இதைத் தனக்கே பொறுமையாக விளக்கியபடி, கதவோரம் நின்றவரின் தோளை விரலால் தொட்டார்.

ஈரம்.

விரல் நுனியில் கறுப்பு. அச்சு மையில் சேர்க்கும் ஆளி எண்ணெயின் மணம்.

வெளியே டிராம் ஒன்று உரசிக்கொண்டு போனது. இந்த ஊர்க் குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிட்டது. விளக்கைப் போட்டுவிட்டு எண்ணினார். பத்தொன்பது. கண்ணை மூடித் திறந்தார். இருபத்திரண்டு. புதியவர்கள் எல்லோரும் முதுகைக் காட்டியபடி, தோளோடு தோள் ஒட்டி, கட்டிலை நோக்கி. லிங்கன் தெரியவில்லை. கட்டிலே தெரியவில்லை.

“இஞ்சேருங்கோ.”

எமில்டாவின் குரல். மிக மெல்ல.

“ஏன் இவ்வளவு பேரை உள்ள விட்டனீங்கள்? காத்தில்லை.”

“ஒருத்தரையும் விடேல்லை, எமில்டா.”

“கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்கோ.”

ஓடினார். கதவு பாதிதான் திறந்தது. உள்ளே யாரோ அதில் சாய்ந்து நிற்பதுபோல். தோளைக் கொடுத்துத் தள்ளினார். திறந்தது.

அறையில் யாருமில்லை. ஆளி எண்ணெய் மணம் மட்டும். இயந்திரத்தின் சத்தம் எங்கோ தூரத்தில், கனத்த துணிகளுக்குப் பின்னாலிருந்து வருவதுபோல்.

எமில்டா கண்களைத் திறந்திருந்தாள். அவரைப் பார்க்கவில்லை. கூரையையும் பார்க்கவில்லை. ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குப் போவதுபோல் அவள் பார்வை மெதுவாக நகர்ந்தது.

கட்டிலைச் சுற்றி மெத்தையின் ஓரங்கள் உள்ளே அமுங்கியிருந்தன. முழங்கால்கள் முட்டிய குழிகள். நெருக்கமாக. இரண்டிரண்டாக.

அவர் நின்ற பக்கத்தில் மட்டும் ஓர் ஆள் நிற்கும் இடைவெளி இருந்தது.

“எமில்டா, நான் வாறன்.”

கால் எடுத்து வைப்பதற்குள் அங்கேயும் மெத்தை அமுங்கியது.